கொடிக்கயிறும் கண்டமும்

வீடு வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா, அக்கம்பக்கத்தார் எப்படி என்று பார்ப்பார்கள். அவள் பாறையைப் பார்த்தாள். கொல்லைப்புறத்தில் மண்ணை மீறித் துருத்திக்கொண்டிருந்த கரும்பாறை அது. கைப்பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டி, குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது அடி வரைக்கும் போகுது. வாங்கிடலாம்" என்றாள். வீட்டுத் தரகர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. மாடிப்படி செங்குத்து. மழைக்காலத்தில் வடக்குச் சுவர் ஓதம் காக்கும். இதையெல்லாம் மறைத்துப் பேசுவதற்குத் தயாராக வந்திருந்த மனிதருக்கு வேலையே வைக்கவில்லை அவள். அவளுடைய கணவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாறை நல்லாத்தான் இருக்கு" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

அந்தப் பாறையில்தான் அவள் வேலைசெய்த நிலவியல் ஆய்வு நிலையம் ஆழமாகத் துளைபோட்டு, ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் கம்பத்தை நட்டது. கம்பத்தின் தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஓர் ஆன்டெனா. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை இரவும் பகலும் வாங்கி, தான் இருக்கும் இடத்தை அது சொல்லிக்கொண்டே இருக்கும். நேற்று இருந்த இடத்துக்கும் இன்று இருக்கும் இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கணக்குப் பார்ப்பது அவள் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் நாளடைவில் இயக்குநரே கூட்டத்தில், "மில்லிமீட்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அது பிடித்தே இருந்தது.

கண்டங்கள் நிற்பதில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு காலத்தில் நிலமெல்லாம் ஒட்டிக் கிடந்தது, பிறகு பிய்ந்து ஆளுக்கொரு திசையில் போனது என்று படத்தோடு படித்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்துவிடுவார்கள். அவளால் மறக்க முடியவில்லை. தன் காலுக்குக் கீழே அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரு நாளும் மறக்காதவள். அவர்கள் ஊர்க் கடற்கரைக்குக் கீழே கடல்தரைத் தட்டு ஒன்று நிலத்தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருந்தது. நகம் வளரும் வேகம்தான், அதற்கு மேல் இல்லை. நுழைகிற தட்டு வழுக்கிக்கொண்டு போனால் தொல்லை இல்லை. அது மேலே இருக்கும் நிலத்தின் உதட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளியது. அதனால் கடற்கரையும், தெருக்களும், அவள் வீடும், கொல்லைப்புறப் பாறையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. ஊருக்குப் பின்னால் நிற்கிற மலைகள் எழுந்ததும் இந்தத் தள்ளுமுள்ளில்தான்.

இப்படிக் கவ்விய இடம் என்றைக்காவது பிடியை விட்டே தீரும். ஒரேயடியாக விட்டால் ஊர் தாங்காது. ஆனால் அவளுக்கு வேறு ஒரு நம்பிக்கை இருந்தது. பல வருஷங்களுக்கு ஒருமுறை அந்த இடம் யாருக்கும் தெரியாமல், அலமாரியில் ஒரு டம்ளர்கூட ஆடாமல், வாரக்கணக்கில் மெதுவாக வழுக்கி, சேர்த்துவைத்த இறுக்கத்தில் ஒரு பகுதியை இறக்கிவைக்கிறது என்பது அவள் கட்சி. அப்படி நடக்கும்போது கடற்கரை திசை மாறி மேற்கே, கடல் பக்கமாக நகரும். அதைக் கம்பம் காட்டிக்கொடுக்கும். வேறு கடற்கரைகளில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தியே பிடித்த பைத்தியம் இது. இப்போது மகள் படிப்பு முடித்து வேறு ஊரில் வேலைக்கே போய்விட்டாள். கம்பம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது, நூல் பிடித்தாற்போல. கரையோரம் இருந்த மற்ற இரண்டு கம்பங்களும் பராமரிக்க ஆளில்லாமல் செத்துப்போயின. உள்நாட்டுக் கம்பங்கள் இருந்தன, ஆனால் அவ்வளவு தூரத்தில் இந்த மாதிரி மெல்லிய அசைவு எட்டாது. "இந்த வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம் மேடம்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். "ஒண்ணும் வரலைன்னா அந்த ஸ்டேஷனை மூடிட்டு நீங்க பாடத்திட்டக் குழுவுக்குப் போயிடுங்க. கௌரவமான வேலை." கௌரவமான வேலை என்று யாராவது சொன்னால் அது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாதா?

இனி அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனையும் அவரே. சாந்தமான மனிதர். அந்தச் சாந்தத்தின் சூட்சுமம் ஒரே வார்த்தையில் இருந்தது. வீட்டில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், எது தீய்ந்தாலும், "நான்தான்" என்பார். குழாயை மூடாமல் விட்டது யார்? நான்தான். சாவியை இடம் மாற்றி வைத்தது? நான்தான். ஒருமுறை மகள் பந்து விளையாடிப் பூந்தொட்டியை உடைத்தபோதும் அவர்தான் பழியை ஏற்றார். தொட்டி உடைந்த நேரத்தில் அவர் கடையில் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அதற்காக அவருக்கு 'நான்தான் அப்பா' என்றே பெயர் வைத்தாள். சண்டை வளர்வது அவருக்கு ஆகாது. அவர் பிறந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் சுவரில் மோதி உடைந்த காலம் உண்டு. அதனால் யாராவது குரலை உயர்த்தும் முன்பே ஒப்புக்கொண்டு, பிரச்சினையை மூடிவிட்டு, செய்தித்தாளைப் பிரித்துவிடுவார்.

அவளுக்கு இது வசதியாக இருந்தது. வசதி என்றால் சாதாரண வசதி இல்லை. வெளியே எல்லாரும் அவளைச் சந்தேகப்பட்டார்கள். வீட்டில் ஒருவர் எப்போதும் அவள் சொல்வதுதான் சரி என்றார். யாருக்குத்தான் கசக்கும்?

அதிலும் ஒரு பழைய விஷயம் உண்டு. மகள் சின்னவளாக இருந்தபோது, கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அவள் நேர்காணல் முடித்திருந்தாள். தேர்ந்தெடுத்தால் வீட்டுக்குப் போன் செய்வோம், உடனே பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த வாரம் பார்த்து அவளுக்கு மலையில் வேலை. திரும்பி வந்து அவளே கூப்பிட்டபோது, அந்த இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் ரிசீவரை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "போன் பண்ணியிருக்காங்க. நீங்க எடுத்துட்டு எங்கிட்ட சொல்ல மறந்துட்டீங்க. அப்படித்தானே?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமா. நான்தான் மறந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு இத்தனை காலமும், பேச்சு முற்றும்போதெல்லாம் அவள் கடைசியாக அந்தப் போன் கதையை எடுத்து வைப்பாள். அதோடு எந்தச் சண்டையும் முடியும். நான் எங்கேயோ இருக்க வேண்டியவள், இந்த மனுஷனுடைய மறதியால் இங்கே கிடக்கிறேன் என்ற நினைப்பு அவளுக்குத் தலைவலிக்கு மாத்திரை மாதிரி உதவியது.

அந்த வருஷம் மழை முடிந்ததும் அவள் உள்நாட்டுக் கம்பங்களைச் சரிபார்க்க மூன்று வாரம் போல வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேராக அலுவலகத்துக்குப் போனாள். அப்படிப்பட்டவள்தான். கணினியில் தன் வீட்டுக் கம்பத்தின் வரைபடத்தைத் திறந்தாள். கோடு திரும்பியிருந்தது.

இத்தனை காலம் கிழக்கே ஏறிக்கொண்டிருந்த கோடு, அவள் ஊருக்குப் போன சமயத்திலிருந்து மெல்ல வளைந்து மேற்கே இறங்கியிருந்தது. சுண்டுவிரல் அகலம்தான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து அறைக்காரரிடம் சொல்லலாமா என்று கதவு வரை போய்த் திரும்பினாள். இப்படி ஒன்றைக் கேட்டால் யாரும் முதலில் கேட்கிற கேள்வி, கம்பத்தை யாராவது அசைத்தார்களா என்பதுதான். அதைப் பார்த்துவிட்டே சொல்வோம் என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

கொல்லைப்புறக் கதவைத் திறந்தால், கம்பத்தின் கழுத்தில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை மேற்குச் சுவரிலிருந்த கொக்கியில். நடுவே இரண்டு பெரிய படுக்கை விரிப்புகளும் போர்வையும் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தார்.

அவள் நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"யார் இதைக் கட்டினது?"

"நான்தான்" என்றார் அவர், கிளிப்பை எடுத்துவிட்டு. இந்த முறை அது உண்மையும்கூட. "மெஷின்ல ட்ரையர் ஓடல. அதான்..."

"இந்தக் கம்பத்துல கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நான் கிளம்பின அன்னைக்கே கட்டிட்டீங்களா? மூணு வாரமா இது தொங்குதா? ஈரப் போர்வையெல்லாம் போட்டு மூணு வாரமா மேற்கால இழுத்துட்டு இருக்கீங்க, அப்படித்தானே?"

அவர் வாயைத் திறந்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் திறந்த வாயை மூடினார்.

"ஆமா" என்றார். "நான்தான். தப்புதான்."

"மூணு வாரம்!"

"ஆமா, மூணு வாரம் இருக்கும்."

அவள் கயிற்றை அறுத்தாள். விரிப்புகள் சேற்றில் விழுந்தன. பழைய போன் கதையையும் இழுத்து வைத்துப் பேசினாள். "அன்னைக்கு என் வேலையைக் கெடுத்தீங்க, இன்னைக்கு என் கம்பத்தைக் கெடுத்துட்டீங்க" என்றாள். அவர் சேற்றிலிருந்து விரிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். துணியின் எடை இழுத்திருந்தால் ஈரத்தில் இழுத்து, காய்ந்ததும் விட்டிருக்கும். கோடு ஏறியிறங்கிக் குதித்திருக்கும். இது அப்படிக் குதிக்கவே இல்லை, ராத்திரியும் பகலும் ஒரே சீராக வழுக்கியிருந்தது. அளவெடுப்பதற்காக அலுவலகமே மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தவள் அன்றைக்கு அளக்கவில்லை. அவளுக்குக் கிடைத்திருந்தது கண்டத்தைவிட ருசியான ஒன்று. கையும் களவுமாகப் பிடிபட்ட புருஷன்.

மறுநாள் காலையிலேயே, இந்தக் கம்பத்தின் கடைசி மூன்று வார அளவுகளில் வீட்டாரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது, யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடற்கரையைக் கவனிக்கிற எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பினாள். ஆளைக் கூட்டிவந்து ஆன்டெனாவைக் கழற்றி, கம்பத்தை நிமிர்த்தி, புதுப் பிடி போட்டு மாட்டினாள். நேர்மையாக நடந்துகொண்டதற்காக இயக்குநர் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

சில மாதங்கள் போயின. ஒரு பிற்பகலில், வளைகுடாவுக்கு அப்பால் தீவில் கம்பம் வைத்திருப்பவர் அவளைக் கூப்பிட்டார். தீவுக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவளைவிட வயதில் சிறியவர், குரலில் எப்போதும் ஒரு துள்ளல்.

"அக்கா, வந்துடுச்சு! நீங்க சொல்லிட்டே இருந்தீங்கல்ல, மெதுவா வழுக்கும்னு? என் கம்பத்துல பிடிச்சுட்டேன். மழை முடிஞ்ச கையோட ஆரம்பிச்சு மூணு வாரம் மேற்கால போயிருக்கு. கட்டுரையும் ஏத்துக்கிட்டாங்க. முதல் நன்றி உங்களுக்குத்தான் போட்டிருக்கேன்."

"எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் வெளியூர் கிளம்பிய வாரம்.

"உங்க கம்பம்தான் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருந்தீங்களே, எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா. அது மட்டும் இருந்திருந்தா உங்க ஊருக்கு அடியிலயும் வழுக்குச்சான்னு தெரிஞ்சிருக்கும். இப்போ தீவோட நின்னுடுச்சுன்னுதான் எழுதியிருக்கேன். அடுத்தது எப்போ வருமோ. பழைய அளவையெல்லாம் வச்சுப் பார்த்தா இருபத்தஞ்சு வருஷம் ஆகும்போல இருக்கு."

இன்னும் இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஓய்வுபெற்று வெகு காலம் ஆகியிருக்கும். கண்டத்துக்கு அவசரமில்லை. அது மறுபடி வழுக்கும், யாரோ பார்ப்பார்கள்.

அன்று மாலை கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள். இந்த முறை கத்தவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கயிறு. அதை எப்போ கட்டினீங்க?"

"எந்தக் கயிறு?" என்று கேட்டு, பிறகு புரிந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றார். "நீ வந்த அன்னைக்குக் காலையில. முந்தின ராத்திரிதான் ட்ரையர் நின்னுச்சு. நீ மூணு வாரம் கண்ட கண்ட லாட்ஜுல படுத்துட்டு வர்றியேன்னு விரிப்பெல்லாம் துவைச்சுப் போட்டேன்."

"மூணு வாரம்னு சொன்னீங்களே!"

"நீதான் சொன்ன. நான் ஆமான்னேன்."

"ஏன்?"

"ஆமான்னா நீ விட்டுடுவேன்னுதான்." அவர் உட்கார்ந்தார். "மூணு வாரமோ ஒரு நாளோ, துணிதானேன்னு நினைச்சேன். அதுல இவ்வளவு இருக்குன்னு யார் கண்டா?"

அவள் அழவில்லை. இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. மூல அளவுகள் அழியாமல் இருந்தன. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டியிருந்தால் என்ன, அதற்கு முந்திய மூன்று வாரம் மூன்று வாரம்தானே? அன்றைய அறிவிப்பை நிலையம் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். ஊருக்கு அடியிலும் தட்டு வழுக்கியது என்று காட்டிவிடலாம். அவள் வாழ்க்கை முழுக்கச் சொல்லிவந்தது நிஜம் என்று ஆகிவிடும்.

இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார், கோட்டையும் பார்த்தார். "எனக்கும் இது வழுக்கல் மாதிரிதான் தெரியுது" என்று அவர் சொன்னபோது அவளுக்கு உயிர் வந்தது. "ஆனா மேடம், நான் கையெழுத்துப் போடணும். தீவுக்காரர் விஷயம் வெளியில வந்ததுக்கு அப்புறம் நாம இதைச் சொன்னா, பார்த்துட்டு ஒட்டவச்சோம்னுதான் பேசுவாங்க. கயிறு எப்போ கட்டினதுங்கிறதுதான் இதுல முடிச்சு. அதுக்கு யார் சாட்சி?"

"என் வீட்டுக்காரர்."

"அவரா? அவர்கிட்டதான் நான் கண்ணாடி போடுறேன். தங்கமான மனுஷர். அவர் சொன்னா எனக்குப் போதும்" என்று சொல்லிக் கைபேசியை எடுத்து, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

கடை இரைச்சல் கேட்டது. பிறகு அவர் குரல்.

"சார், உங்க வீட்டுக் கம்பத்துல கொடிக்கயிறு கட்டினீங்களே, அது எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அவ ஊர்லேருந்து வந்த அன்னைக்குக் காலையில. அதுக்கு முன்னாடி இல்ல." தெளிவாக, தடுமாறாமல் சொன்னார். அவளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இயக்குநர் தலையை ஆட்டினார், பேனாவையும் எடுத்துவிட்டார். பேனா மூடியைக் கழற்றும்போது, ஒரு சம்பிரதாயத்துக்காக என்பதுபோல, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் கேட்டார். "அன்னைக்கு மூணு வாரம்னு சொன்னதா மேடம் எழுதியிருக்காங்களே. இப்போ இப்படிச் சொல்லணும்னு மேடம்தான் உங்களைச் சொல்லச் சொன்னாங்களா?"

சிரித்துக்கொண்டு கேட்டாலும் இயக்குநரின் குரலில் லேசான அதட்டல் இருந்தது. அதட்டல் கணவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் மேசை மேல் குனிந்தாள். வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆமா சார்" என்றார் அவர். "ஆனா தப்பு என் பேர்லதான். நான்தான் எல்லாம்."

இயக்குநர் பேனாவை மூடினார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "விடுங்க மேடம். கொடிக்கயிறு கட்டின கம்பத்தை வச்சுக் கண்டத்தைப் பத்திப் பேசினா நம்ம ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாங்க" என்றார். பாடத்திட்டக் குழுவில் ஜன்னல் ஓரமாக ஒரு நல்ல மேசை இருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தார். விளக்கைப் போட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அவர் கேட்ட விதம்... வாயில தானா வந்துடுச்சு" என்றார்.

"கடையில என்ன சொல்வீங்க நீங்க? முன்னாடி ஒரு நாள் எனக்கே சொல்லியிருக்கீங்க." அவள் குரல் வறண்டிருந்தது. "'இது தெளிவா இருக்குல்ல'ன்னு கேட்கக் கூடாது. கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வெளியில போய்ப் படியில விழுவாங்க. ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டி, இதுவா அதுவான்னுதான் கேட்கணும்னு. நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா" என்றார். பிறகு அந்த வார்த்தைக்கே கூச்சப்பட்டவர்போலத் தரையைப் பார்த்தார். "என்னை யாரு அப்படிக் கேட்டாங்க இந்த வீட்டுல?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் வேலை போன துக்கத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த நிமிஷத்தில்தான் வேறொரு இடத்தில் மண் நழுவுவது தெரிந்தது. கயிறு, சாவி, குழாய், பூந்தொட்டி. பிறகு அந்தப் போன். அன்றைக்கும் அவள் கேட்டது கேள்வியே இல்லை. பதிலை அவளே எழுதி அவர் கையில் கொடுத்து, கையெழுத்து மட்டும் போடச் சொல்லியிருந்தாள்.

இந்த முறை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று நிதானித்தாள். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் அவர் எப்படிக் கேட்பாரோ அப்படி, குரலில் எந்தப் பக்கமும் சாயாமல் கேட்டாள்.

"அந்தக் காலத்துல, எனக்கு வேலைக்குன்னு ஒரு போன். அது வந்துச்சா, வரலையா?"

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"நிஜமாவே தெரியல. நீ கேட்ட அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வந்துச்சா வரலையான்னு நல்லாவே தெரியும். ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நீ சொல்லிக்காட்டினப்பல்லாம், நான்தான் மறந்துட்டேன், நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி..." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்போ நினைச்சா போன் அடிக்கிறது கேட்குது. ஈரக் கையோட போய் எடுக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை மரியாதையாப் பேசுறாங்க. ஆனா அது நடந்ததா, உன் வாயிலேருந்து கேட்டுக் கேட்டு நானே சேர்த்துக்கிட்டதான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்திருந்தால், அவள் தகுதியானவள், இந்த மனிதர் அவள் வாழ்க்கையைக் கெடுத்தவர். வரவில்லையென்றால், யாரும் அவளைக் கேட்கவே இல்லை. அழுதுகொண்டு வந்தவளுக்கு ஒரு குற்றவாளியைக் கொடுத்தால் தேவலை என்று நினைத்த ஒருவர், இத்தனை வருஷமும் அந்தக் குற்றவாளியாகவே இருந்துவிட்டார். இரண்டில் எது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரையும் அவளே கேட்டுக் கேட்டு அழித்திருந்தாள். கொல்லைப்புறத்தில் கம்பம் தன் பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது, மூடப்போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் பாடத்திட்டக் குழு. கண்டங்கள் எப்படிப் பிரிந்தன என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அதற்கு முன்னால் இந்த ராத்திரியைக் கடக்க வேண்டும். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். தெரிந்தே, வெட்கத்தோடு, அவள் கேட்டாள்.

"போன் வந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமா" என்றார் அவர். "வந்துச்சு. நான்தான் மறந்துட்டேன்."